டீச்சரோடு டபுள்ஸ் ஆடியது

"ஓடி ஓடிப் பந்து அடிக்கிறதுக்கு எவன்யா சம்பளம் குடுப்பான்? ஒம் பொண்ணுக்குப் படிப்பு ஜாஸ்தியாப் போச்சி" என்று தோல் பதனிடும் ஷாப்பு மேஸ்திரி என் அப்பாவிடம் சொன்னார். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் வேலையாக நின்ற அப்பா சிரித்து வைத்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வேலூரில் டீச்சர் பயிற்சி முடிக்கும் சமயம், ஆம்பூர்ப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை காலியானது. எங்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் மனு போட்டோம். பாட்மிண்டன் போட்டி வைத்து, ஜெயிக்கும் மாணவிக்கே வேலை என்று பள்ளி மானேஜர் அறிவித்தார். மூன்று டபுள்ஸ் ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு மாணவிக்கும் ஜோடி, பயிற்சிப் பள்ளி டீச்சர் ஒருவர். தோற்றால் மேஸ்திரி சொன்னதே சரியாகிவிடும்.

எனக்கு வாய்த்தவர் கணக்கு டீச்சர் கிரேஸம்மாள். டபுள்ஸில் ஷட்டில் இருவருக்கும் நடுவே வந்தால், ஒருவர் "விடு" என்று கத்த வேண்டும். மற்றவர் ஒதுங்க வேண்டும். டீச்சரைப் பார்த்து அப்படிக் கத்த முடியுமா?

"டீச்சர், நீங்க எடுங்க."

"பரவால்ல, நீயே எடும்மா."

"ஐயோ, நீங்க இருக்கும்போது நான் எப்படிங்க டீச்சர்..."

ஷட்டில் தரையில் கிடக்கும். அதை எடுக்க மட்டும் இருவரும் ஒன்றாகக் குனிந்து முட்டிக்கொள்வோம். முதல் ஆட்டம் இப்படியே போயிற்று.

இரண்டாவது ஆட்டத்தில் ஷட்டில் நடுவே உயரமாக வந்தது. "ஏய், விடு!" என்று கத்திவிட்டேன். அடித்த அடியில் பாயின்ட் எங்களுக்கு. வேலிக்கு வெளியே நின்ற அப்பா கோர்ட்டுக்குள்ளேயே ஓடி வந்து கும்பிட்டார். "கொயந்த தெரியாம சொல்லிடுச்சி, மன்னிச்சிடுங்க டீச்சரம்மா."

டீச்சர் என்னை முறைத்தார்.

"இன்னா சொன்ன?"

"விடுங்கன்னு... சொன்னேன் டீச்சர்."

"பொய் சொல்லாத. இத மொத ஆட்டத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? மரியாத குடுத்தே தோத்தோம்!"

அதன் பிறகு எனக்குக் கூச்சமே இல்லை. "விடு! ஓடு! பின்னால போ!" என்று கத்தினேன். டீச்சர் மூச்சிரைக்க ஓடினார். நான் ஒவ்வொரு முறை கத்தும்போதும் வேலிக்கு அப்பாலிருந்து "மன்னிச்சிடுங்க டீச்சரம்மா" என்ற குரல் வந்தது. எதிர் ஜோடிக்குச் சிரிப்பில் சர்வீஸே போட வரவில்லை. மீதி இரண்டு ஆட்டங்களும் எங்களுக்கே.

டபுள்ஸ் ஆடப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: மரியாதையை ஆட்டத்துக்கு முன்னால் கொடுங்கள், முடிந்த பிறகு கொடுங்கள். நடுவில் கொடுத்தால் ஷட்டில் காத்திருக்காது.

ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்புப் பெண்கள் எங்கள் பள்ளியோடு ஒரு டபுள்ஸ் ஆட விரும்பி, இரண்டு பெயர்கள் கேட்டிருந்தார்கள். என் பெயருக்குக் கீழே எங்கள் தலைமையாசிரியையின் பெயரை எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.