பேத்தியின் இடுப்பளவு

பெரிய பேரன் பேங்க்கில் ஆபீசர். சின்னவன் இன்ஜினியரிங் முடித்துவிட்டான். பேத்தி செல்விக்குப் போன வாரம் மும்பை அணுசக்தி நகரில் வேலை கிடைத்தது.

இந்தப் பதிவில் போட, அவள் வேலைக்குப் போகிற போட்டோ கேட்டால், உடம்புக் கொழுப்பு குறைந்த பிறகுதானாம்.

இன்று அவள் அப்பா, தாராவியில் சுடிதார் தைக்கிற என் மகன், டேப்பால் கழுத்தையும் இடுப்பையும் அளந்து சொன்னான். அளவை வைத்து உடம்புக் கொழுப்பைக் கணக்குப் போடுகிற ஆப் ஒன்றில், அவள் போனில் அதைப் போட்டாள். கொழுப்பு அதிகம் என்று போன் அவள் ஒரு நாளைக்குச் சாப்பிடலாம் என்கிற கலோரியைக் குறைத்தது. ரெண்டாவது தோசையைத் தள்ளிவிட்டாள்.

எனக்குச் சந்தேகம். "ஏல, இடுப்பு அவ்வளவா இருக்கு?"

"பழக்கத்துல ரெண்டு இஞ்சு லூஸு சேத்துச் சொல்லிட்டேம்மா."

"என்னப்பா நீங்க, எனக்கு என்ன துணியா தைக்கீங்க?" என்றாள் செல்வி.

சரியான அளவைப் போட்டதும் தோசை சாப்பிட்டாள். போட்டோவுக்கு மட்டும் இன்னும் மாட்டேன் என்கிறாள்.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இந்தப் பதிவைப் படிக்கிறவர்கள் யாராவது அவளிடம் சொல்லி, புது போட்டோ ஒன்று எடுக்க வையுங்கள்.