விருப்பமுள்ளவர்கள் வரலாம்

கொரோனா வந்த வருஷம் எங்கள் தீயணைப்பு நிலையத்தில் காலைக் கவாத்தை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும், கூட்டமாக ஓடக்கூடாது என்று காரணம். பதிலுக்கு, விருப்பமுள்ளவர்கள் தள்ளித்தள்ளி நின்று உடற்பயிற்சி செய்துகொள்ளலாம் என்று உத்தரவு. அதை நடத்துகிற வேலையை நிலைய அலுவலர் என் தலையில் கட்டினார். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதல் நாள் வண்டி நிற்கும் ஷெட்டுக்கு முன்னால் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. மறுநாளும் அப்படியே. ஒரு நாய் வந்து ஒரு வட்டத்தில் படுத்துக்கொண்டது.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பகல் முழுக்கத் தெருத்தெருவாகக் கிருமிநாசினி அடித்து உடம்பு அலுத்துக் கிடக்கிறது என்றார் ஒருவர், அது நியாயம்தான். வேர்த்தபிறகு குளித்தால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் கொண்டுபோய்த் தனிமையில் போட்டுவிடுவார்கள் என்றார் இன்னொருவர். மாஸ்க்கோடு தண்டால் எடுத்தால் மூச்சு முட்டும் என்று ஒருவர் சொன்னார், மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி. எங்களில் மூத்தவரான வண்டி ஓட்டுநர் அண்ணாச்சி மட்டும் சுற்றி வளைக்கவில்லை.

“விருப்பமுள்ளவங்கன்னுதானலே போட்டிருக்கு? எனக்கு விருப்பமில்ல. கட்டாயம்னு போடச் சொல்லு, மொத ஆளா நிக்கேன்.”

தன் உடம்பைத் தான் பார்த்துக்கொள்ள ஒரு மனுஷனுக்கு மேலிடத்து உத்தரவு வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில் களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்துக் கிணற்றில் பசு விழுந்துவிட்டதாக அழைப்பு வந்தது. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன் இறங்கினான். ஊரடங்கில் அவனுக்கு வயிறு நன்றாக முன்னால் வந்திருந்தது. பசுவின் வயிற்றுக்கடியில் பெல்ட்டைக் கட்டி அனுப்பினான். நாங்கள் மேலே நின்று இழுத்தோம். பசு கரையேறியதும் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். நண்பன் கயிற்றைப் பிடித்து ஏற ஆரம்பித்தான். பாதி வழியில் மேலே போக முடியாமல் தொங்கினான். பைய இறங்கித் தண்ணீரிலேயே நில் என்று சொல்லி, பசுவைக் கட்டிய அதே பெல்ட்டை அவனுக்கும் இறக்கி, தோட்டக்காரர்களும் கைகொடுக்க, ஒருவழியாகத் தூக்கினோம். சுற்றி நின்ற கூட்டம் பசு வந்தபோது கைதட்டியது. அவன் வந்தபோது சிரித்தது.

திரும்பும்போது வண்டியில் எல்லாரும் அவரவர் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நாளைக் காலை எல்லாரும் வந்து நிற்பார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

யாரும் வரவில்லை. நேற்று அவ்வளவு பாரத்தை இழுத்தோமே, அது ஒரு வாரப் பயிற்சிக்குச் சமம் என்றார்கள். எரிச்சலில் தண்ணீரை ஊற்றி வட்டங்களை அழித்தேன். அலுவலரிடம் போய், இது என்னால் ஆகாது என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், விருப்பமில்லையென்றால் விட்டுவிடு என்றார்.

விட்டுவிட்டு, நான் மட்டும் தனியாகச் செய்துகொண்டிருந்தேன். நாலைந்து நாள் கழித்துக் கட்டடத்துக்குப் பின்னால் யாரோ முக்குகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நண்பன், தண்ணீர்த் தொட்டி மறைவில் பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தான்.

“இங்கன என்னலே செய்யுத? முன்னால வரவேண்டியதுதானே?”

“அங்கன வந்தா, கெணத்துல தொங்குனதுக்கு அப்புறந்தான் வாரான்னு எல்லாப் பயலும் நெனைப்பான். வெக்கமா இருக்குலே.”

பாவமாகவும் இருந்தது, முதுகில் ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. அடுத்த நாளிலிருந்து நானும் தொட்டிப் பக்கமே போய்விட்டேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடாததாலோ என்னவோ, இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அதற்குமேல் கூட்டம் கூடவில்லை.

ஓட்டுநர் அண்ணாச்சியும் வந்தார். நாற்காலியை நிழலில் போட்டு, டீயைக் குடித்துக்கொண்டு, யாருக்கு முதுகு வளைகிறது, யார் எண்ணிக்கையில் ஏமாற்றுகிறான் என்று தினமும் எங்களைத் திருத்தினார். நீங்களும் ரெண்டு எடுங்களேன் என்று ஒருநாள் கேட்டேன்.

“உங்களப் பாத்துக்கிட்டு இருக்கதே பெரிய வேலையா இருக்குலே,” என்று காலித் தம்ளரை என்னிடம் நீட்டி, இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார். வாய்க்குள் திட்டிக்கொண்டே போய்க் கொண்டுவந்தேன்.