இடுப்பில் ஏறாத பிள்ளை

கெடாரிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். படப்பிடிப்பிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

பழைய படமொன்றில் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் எனக்கு எட்டு வயது. நடுவில் வளர்ந்திருப்பேன் என்று கம்பெனியில் யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டதும் ஓடிவந்த எனக்கும் தோன்றவில்லை. தைத்து வைத்திருந்த அரைக்கால்சட்டை முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. அம்மாவாக நடிக்க வந்தவர் என் மீசையைப் பார்த்தார்.

"இவர இடுப்புல வெச்சிக்கினு நான் சோறு ஊட்டணுமா? வேணும்னா இவரு என்னைத் தூக்கட்டும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டைரக்டருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை அந்தக் காட்சியை எடுத்தாக வேண்டும்.

இன்று நானே கதை எழுதி நானே படம் தயாரிக்கிறேன். குழந்தைகளை நேரில் வரவழைத்து, கதவோரம் நிற்க வைத்து உயரம் பார்த்த பிறகுதான் துணி தைக்கச் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டது நடிப்புக்காக. வாய்ப்பு இல்லாத நாட்களில் ஊர் ஊராகப் போய் மூட்டை தூக்கினேன், பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். எதிலும் நிற்கப் பிடிக்கவில்லை. சினிமாவும் இல்லையென்றால் எங்கே போவது என்று யோசித்தபடி அன்று அந்தச் சாலையில் நடந்தேன்.

காலி அண்டாக்களோடு கம்பெனியின் சாப்பாட்டு வேன் வந்து நின்றது.

"ஏறு தம்பி. அந்தம்மா தூக்கல, நானாவது தூக்கிக்கினு போறேன்" என்றார் டிரைவர். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "நாளைக்குப் புள்ளைக்கு இன்னா பண்ணுவாங்க? டைரக்டரு செம பேஜாராயிட்டாரு."

"புள்ள எதுக்குண்ணா? அம்மா தட்டோட நின்னுக்கினு கூப்புடுது. அவன் எங்கியோ புளியமரத்துல கல்லு உட்டுக்கினு இருக்கான். சத்தம் மட்டும் கேக்குது, ஆளு வரல. கூப்ட்டுக் கூப்ட்டு, கடைசில அந்தச் சோத்த அதுவே துன்னுடுது."

அவர் சிரித்த சிரிப்பில் வேன் ஓரம் போய் வந்தது.

"எங்கூட்ல தெனம் இதான்டா! புள்ள மிச்சத்த துன்னே என் பொண்டாட்டி பெருத்துட்டா. இத அங்க சொல்லாம பஸ் ஏறப் போறியே?"

"என்னை யாருண்ணா கேட்டாங்க?"

"காலைல இட்லியோட உன்னையும் எறக்கிவுட்றேன். டைரக்டரு துன்னும்போது சொல்லு, எழுந்து போவமாட்டாரு."

விழுப்புரத்தில் அண்டாக்களைக் கழுவிக் கொடுத்துவிட்டு வேனிலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் டைரக்டர் இரண்டாவது இட்லியைப் பிட்டபோது சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அம்மா நடிகையைப் பார்த்தார்.

"சோறு நல்லா இருந்தா போதும், துன்னுடறேன்" என்றார் அந்த அம்மா.

டைரக்டர் கை கழுவிக்கொண்டே என்னிடம் திரும்பினார்.

"கல்லு நீதான் அடிக்கணும். சாயங்காலம் வா. மிச்ச சீனையும் புள்ள இல்லாம எப்படி எடுக்கறதுன்னு சொல்லு, அசிஸ்டென்ட் எழுதிக்குவான்."

நல்ல கல்லாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, கேமராவில் படாத இடமாகப் பார்த்துப் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.