கை காய்ந்தவள் படிக்க வேண்டும்

எங்கள் பட்டறையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு: கை காய்ந்தவள் படிக்க வேண்டும். விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைக்குப் பிசிறு எடுக்கும் பெண்களுக்கு முழங்கை வரை களிமண். அந்தக் கையால் போனைத் தொட்டால் போன் போயிற்று. பொம்மையை விட்டுவிட்டுக் கை கழுவப் போனால் பொம்மை காய்ந்து போயிற்று. நான் பேக்கிங். வைக்கோலும் பழைய பேப்பரும்தான் என் உலகம். அதனால் பல வருடங்களாக அந்த ஏழு பெண்களுக்கும் பேப்பர் படித்துக் காட்டுவது என் வேலையாகிவிட்டது. தங்கம் விலை, திட்டக்குடிப் பக்கம் மழை, எந்த ஊரில் யாரை யார் வெட்டினார்கள், எல்லாம் படிப்பேன். கை நிற்காதவரை மேஸ்திரியும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நான் கொஞ்சம் படித்தவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒளிக்க விரும்பவில்லை. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டுப் பொம்மைக்கு வைக்கோல் சுற்றுகிறவள் வேறு எதை வைத்துத்தான் திமிராக இருப்பது? ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறுபத்திரிகைக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பேன். அதன் ஆசிரியர் ஒருநாள் ஆங்கிலத்தில் வந்த சில கடிதங்களை அனுப்பினார். தென் அமெரிக்காவில் ஒரு நாடு. நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கடிதம் எழுதிய அம்மாவின் மேல் இன்னும் ஒரு வழக்கு நடக்கிறது, பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

மலை மேலே ஒரு சின்ன ஊரில் அவர் வானொலி நடத்திவந்தார். காலை ஐந்தரைக்கு உருளைக்கிழங்கு விலை சொல்வார். பஸ் எத்தனை மணிக்கு வரும், யார் வீட்டு ஆடு காணாமல் போனது என்று சொல்வார். ஒருநாள், ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது, மேலே இருக்கும் சுரங்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அதிகாரிகளை அவதூறு செய்ததாக வழக்கு போட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா மறுநாள் காலை சந்தையில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்று, கையில் ஒலிபெருக்கியோடு உருளைக்கிழங்கு விலை சொல்லத் தொடங்கினார்.

இதை நான் பட்டறையில் படித்தபோது மேசையில் எல்லார் கையும் நின்றுவிட்டது. "அந்தம்மா வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியா?" என்றாள் மங்கலம்பேட்டைக்காரி. அவள் கணவர் குவைத்தில் இருக்கிறார். என்ன செய்தாலும் அவர் என்ன சொல்வார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும். கணவர் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறது என்றேன். "அதான் ஏறி நிக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ரேடியோ அம்மா. தங்கம் விலையை யாரும் கேட்கவில்லை. "ரேடியோ அம்மா இன்னா சொல்லுது, படிக்கா" என்பார்கள். ஆசிரியர் வழியாக நானும் அவருக்குப் பதில் எழுதுவேன், கை காய்ந்தவள் சட்டத்தைக்கூட ஒருமுறை எழுதினேன்.

நாலாவது கடிதம் கொஞ்சம் மோசமாக இருந்தது. வானொலிக்குக் கொடுத்த உரிமத்தை ரத்து செய்யப்போகிறார்களாம். காரணம் சுரங்கம் என்று சொல்லவில்லை. இந்த வானொலியை யாரும் கேட்பதில்லை, அதனால் அலைவரிசை வீண் என்று சொன்னார்கள். கேட்கிறவர்கள் இருந்தால் கையெழுத்துப் போட்டு நிரூபிக்கலாம், விசாரணைக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் போட மாட்டேன் என்கிறார்கள். முன்பு ஒரு மனுவில் போட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. 'என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கிழங்கு கொடுக்கிறார்கள், பேனாவைக் கண்டால் போய்விடுகிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்' என்று எழுதியிருந்தார்.

வேப்பூர்க்காரி தலை நிமிரவில்லை. என் வயதுக்காரிதான், பேச்சு குறைவு, கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். "கேக்கறதுக்கு ஆளே இல்லன்னு எவன் சொன்னது? ஆறு மாசமா நாம கேக்கலியா?" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தமிழில் கையெழுத்துப் போட்டால் அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. கை என்றால் உலகத்துக்கே தெரியும். ஆளுக்கு ஒரு சின்னக் களிமண் ஓடும், விரிசல் விட்டால் மாற்ற இன்னொன்றும் தட்டி, உள்ளங்கையை அழுத்தி எடுத்தார்கள். மேஸ்திரி சூளையில் ஒரு மூலையில் இடம் கொடுத்தார். ஒன்றுகூட விரிசல் விடாமல் வந்தது. நாங்கள் கேட்டோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைத்துப் பார்சல் கட்டினேன். நான் கட்டிய பார்சல் இதுவரை எங்கேயும் உடைந்ததில்லை.

அனுப்பியது ஏழு ஓடுதான். என் கை அதில் இல்லை. "நான் பேக்கிங் ஆச்சே, கை ஈரமானா யாரு கட்டறது?" என்று சொல்லிச் சிரித்தேன். உண்மை வேறு. என் மகள் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தாள். போலீஸ் வெரிஃபிகேஷன் வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வழக்கு, சுரங்கம், அரசாங்கம் என்று எதிலாவது என் பெயர் வந்து, ஸ்டேஷனில் யாராவது கேள்வி கேட்டு, அவள் வாழ்க்கை நின்றுவிட்டால்? களிமண்ணில் கை வைத்ததற்கு இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. தபால் நிலையத்தில் அனுப்புநர் பெயர் கேட்டபோது வேப்பூர்க்காரியின் பெயரை எழுதினேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன், அவளும் சரி என்றாள். ஆனாலும் எழுதியது எழுதியதுதான்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு ரேடியோ அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தார். இந்தக் குழந்தைகள் எந்தப் பள்ளிக்கூடம்? பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறாள் என்று எதிர்த்தரப்பு சொன்னால் இருக்கிற வழக்கும் கெட்டுவிடும் என்று வக்கீல் பயப்படுகிறார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. படித்து முடித்ததும் மேசையில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். பிறகு அடக்க முடியாத சிரிப்பு. மண்ணைச் சுட்டால் சுருங்கும். எட்டில் ஒரு பங்கு போய்விடும். பொம்மைக்கென்றால் அச்சையே பெரிதாக வைத்துச் செய்வோம், கையை யாரால் பெரிதாக்க முடியும்? சூளையிலிருந்து சின்னக் கைகள் வெளியே வந்ததை எல்லாரும்தான் பார்த்தோம். ஒருவருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. தினம் தினம் பார்க்கிறோம், அதைப் போய் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. "நாப்பத்தஞ்சு வயசுல என்னைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் மங்கலம்பேட்டைக்காரி.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. உதவி செய்யப் போய் அந்தம்மா தலையில் மண்ணைப் போட்டுவிட்டோமா? அன்றே வீடியோ எடுத்தோம். ஒவ்வொருத்தியும் ஈரமான ஓட்டில் புதிதாகக் கை பதித்தாள். மாற்றுக்கென்று முன்பே சுட்டு வைத்திருந்த தன் ஓட்டை அதன் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். நான் நடுநடுவே ஆங்கிலத்தில் விளக்கினேன். போனைப் பிடித்திருந்தது நான். அதனால் அதிலும் நான் இல்லை, குரல் மட்டும்தான்.

அதற்குப் பிறகு நீண்ட நாள் ஒன்றும் வரவில்லை. பேப்பரில் வேறு செய்திகள் படித்தேன். மகளுக்கு வெரிஃபிகேஷன் முடிந்தது. வந்த போலீஸ்காரர் டீ குடித்துவிட்டு, இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் வந்தது. நான் பயந்ததற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

போன மாதம் கடிதம் வந்தது. படிக்காமலே பட்டறைக்குக் கொண்டுபோனேன். வழக்கம்போல நின்றுகொண்டு சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

விசாரணையில் எங்கள் ஓடுகளை எடுத்துக்கொள்ளவில்லையாம். வெளிநாட்டுக்காரர்கள் எப்படி இந்த ஊர் வானொலியைக் கேட்டிருக்க முடியும் என்று கேட்டார்களாம். நியாயம்தான். ரேடியோ அம்மா அந்த ஏழு ஓடுகளையும் சந்தையில் முக்காலிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருக்கிறார். கிழங்கு விற்கும் ஒரு அம்மா வந்து, யாருடைய கை என்று கேட்டிருக்கிறார். மலைக்காரப் பெண், சின்ன உருவம். ஒவ்வொரு ஓட்டிலும் தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஐந்தாவதில் அப்படியே பொருந்தியிருக்கிறது. 'இவளும் என் அளவுதான், இவளுக்குப் பயம் இல்லையா?' என்று கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கியிருக்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தாள் நிறைந்துவிட்டது. அடுத்த விசாரணையில் அவற்றைக் கொடுத்ததும், வானொலிக்கு இப்போதைக்குக் காலையில் இரண்டு மணி நேரம் அனுமதி. அவதூறு வழக்கு இன்னும் இருக்கிறது, திங்கட்கிழமைக் கையெழுத்தும் இருக்கிறது.

அஞ்சாவது கை யாருடையது என்று மேசையில் சண்டை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தம்மா உள்ளே போகவில்லை, பேசுகிறார், உருளைக்கிழங்கு விலை சொல்கிறார். அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாத அளவுக்கு நன்றியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பத்தியைப் படித்தேன்.

'வீடியோவில் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். என் கடிதங்களை உங்களுக்குப் படித்துக் காட்டுகிறவரின் கை மட்டும் இல்லை. படிக்கிறவர் கை காய்ந்திருக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம் என்று அவரே ஒருமுறை எழுதியிருந்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான், கிழங்குக்காரிகளுக்குக் கையெல்லாம் மண், படித்துச் சொல்வது நான். அவருக்கு என் தனி நன்றி.'

பாதியில் நின்றுவிட்டேன். என் பொய்யை வாங்கி, துடைத்து, மரியாதையோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அது வழக்கத்துக்காக இல்ல. எம் பொண்ணு பாஸ்போர்ட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள் வேப்பூர்க்காரி, பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொம்பளப் புள்ள வச்சிருக்கற. நாங்க இன்னாத்துக்குக் கேக்கப்போறோம்? இப்பத்தான் பாஸ்போர்ட்டு வந்துடுச்சே."

ஏழு பேருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமாக ஒருத்தியும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு ஜாடை கூட இல்லை. தன் பெயரை எழுதச் சம்மதித்தவளும் தெரிந்துதான் சம்மதித்திருக்கிறாள். இவர்களுக்கு உலகத்தைப் படித்துக் காட்டுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மங்கலம்பேட்டைக்காரி ஒரு உருண்டை மண்ணைத் தட்டி என் முன்னால் நகர்த்தினாள். நான் கை வைத்தேன். மண் ஜில்லென்று இருந்தது. மணிக்கட்டு வரை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன்.

கடிதத்தில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது. என் கை ஈரம். வேப்பூர்க்காரி எழுந்து போய்க் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தாளைப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷு. நீ பாத்து மெள்ளச் சொல்லுக்கா, நான் சத்தமா சொல்றேன்" என்று என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் ஒவ்வொரு வரியாக அவளிடம் சொல்ல, அவள் அதை மேசைக்குச் சொன்னாள்.