சொல்லிவிட்டுப் போகிறவர்

அலுவலகத்தில் அவரைப் புள்ளி அக்கா என்பார்கள். கைப்பையில் எப்போதும் ரப்பர் புள்ளிகள் ஒட்டிய அட்டை ஒன்று இருக்கும். பார்வை போன ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பைத்தான் முதலில் தேடுவார். தீயைக் குறைக்க எங்கே திருப்ப வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி ஒட்டுவார். பிறகு சலவை இயந்திரம், பிறகு சாவிக்கொத்தில் வாசல் சாவி. கொஞ்சம் அசந்தால் நம் மூக்கிலும் ஒன்றை ஒட்டிவிடுவார் என்று சக ஊழியர்கள் கேலி செய்வதுண்டு. ஒட்டினால் மூக்கு இருக்கிற இடமாவது தெரியும் என்பார் அக்கா.

அவர் வேலை பார்ப்பது ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில். பாதி வாழ்க்கையைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு பார்வையை இழந்தவர்கள்தான் அங்கே வருகிறார்கள். ஒருவருக்குச் சர்க்கரை நோய், இன்னொருவருக்குக் கண் அழுத்தம், வேறொருவருக்கு விபத்து. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பிறகு அக்காவின் வேலை ஆரம்பிக்கிறது. தேநீர் ஊற்றும்போது கோப்பை விளிம்பில் விரலை மடக்கி வைக்கச் சொல்லித் தருவார். தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொல்வார், மூன்று மணி இருக்கும் பக்கம் முட்டை, ஒன்பது மணிப் பக்கம் ரொட்டி. வெள்ளைத் தடியை வீசி நடக்கவும் சாலையைக் கடக்கவும் பழக்குவார்.

புதிதாகச் சேரும் ஊழியர்களிடம் அவர் வற்புறுத்துவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். அறைக்குள் வந்தால் வந்தேன் என்று சொல்ல வேண்டும். வெளியே போனால் போகிறேன் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் சரி, அதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்து போனால், எதிரில் ஆள் இருப்பதாக நினைத்து அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை அப்படி ஏமாந்தவர் அடுத்த முறை வாயைத் திறக்கவே யோசிப்பார்.

இந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. கதவைத் திறந்ததும் வந்துட்டேன் என்பார். கேட்க அங்கே யாரும் இல்லை. தங்கை ஒருத்தி வெளியூரில் இருக்கிறாள், வருடத்துக்கு ஓரிரு முறை அழைப்பாள். அக்காவுக்குக் கல்யாணம் நடந்து முறிந்ததா, நடக்கவே இல்லையா என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. யாராவது கேட்டால், தேநீர் குடித்தாயா என்று பேச்சைத் திருப்பிவிடுவார்.

இந்த வேலையில் வேறு ஒரு வழக்கமும் உண்டு. ஒருவர் தனியாகச் சமாளிக்கத் தொடங்கியதும் அவருடைய பதிவை முடித்துவிட வேண்டும். அதன்பின் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் அவர் மறுபடியும் சாய்ந்துகொள்வார். அக்கா எவ்வளவு நன்றாகச் சொல்லித் தருகிறாரோ அவ்வளவு சீக்கிரம் அவர்களுக்கு அவர் தேவைப்படாமல் போய்விடுவார்.

லிஃப்ட்காரர் அவரிடம் வந்தது மழைக்காலம் முடிந்த சமயம். வேலை பார்த்த காலம் முழுவதும் கட்டடம் கட்டடமாக லிஃப்ட் பொருத்தியும் பழுதுபார்த்தும் ஓய்வுபெற்றவர். குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஊரையே மேலே ஏத்திவிட்டேன், எனக்கு மட்டும் படிதான் என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அதன்பின் கண் அழுத்தம் மெல்ல மெல்லப் பார்வையைத் தின்றுவிட்டது. வீட்டில் எதைத் தொட்டாலும் அக்கா சோதித்துப் பார்ப்பதால் அவருக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்தார்.

வேறு நகரத்தில் இருந்த மகன் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். மாதக் கடைசியில் வருவான். அதற்குள் அப்பா தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு கிளம்ப வேண்டியதுதான். லிஃப்ட்காரருக்குப் போக மனமில்லை. மருமகள் நல்லவள், பேரன் பேத்தி நல்லவர்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விடவும் மாட்டார்கள். ஒரு மூலையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

வீட்டுக்குள் அவர் சீக்கிரமே தேறிவிட்டார். படிகளும் பழகின. கடைக்கு முன்னால் குறுக்கிட்ட பெரிய சாலைதான் மசியவில்லை. நாம் போகும் திசையில் ஓடும் வண்டிகள் நின்று மறுபடி உறுமிக் கிளம்பும்போது, அவற்றோடு சேர்ந்து நாமும் இறங்க வேண்டும்; அப்போது குறுக்கே வரும் வண்டிகள் சிக்னலில் நின்றிருக்கும். சத்தத்தைப் பிடிப்பதில் லிஃப்ட்காரர் கெட்டிக்காரர். இப்போ, இப்போ என்று சரியான நேரத்தில் வாயால் சொல்வார். கால் மட்டும் நடைபாதையை விட்டு இறங்காது. செருப்பு வார் அறுந்த மாதிரி இருக்கு என்பார் ஒரு நாள். இன்னொரு நாள் காற்றின்மேல் பழி. பக்கத்தில் நிற்கும் அக்கா தோளைத் தொடமாட்டார், தள்ளமாட்டார். இருவரும் அப்படியே திரும்பி மாடி ஏறுவார்கள்.

மகன் வருவதற்கு முந்தைய வாரம் அது நடந்தது.

சாலையில் தோற்றுத் திரும்பி வந்திருந்தார்கள். லிஃப்ட்காரர் தேநீர் போட்டு, சிந்தாமல் ஊற்றி, அக்காவின் கோப்பையை மேசைமேல் நகர்த்தி வைத்தார். பிறகு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்போது அக்காவின் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. தங்கை.

யார் வீட்டிலும் அவர் கைபேசியை எடுத்ததில்லை. அன்று எடுத்தார். சொல்லிவிட்டுப் போக ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் அழைப்பு நின்றுவிட்டால் தங்கை மறுபடி கூப்பிடமாட்டாள். அவர்தான் பேசாமல் இருக்கிறாரே, போன காலோடு வந்துவிடலாம் என்று அக்கா நினைத்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

சின்ன வயதில் காதுவலி வந்தால் அம்மா ஏதோ ஒரு எண்ணெய் விடுவாளே, அதன் பெயர் என்ன என்று தங்கை கேட்டாள். அக்காவுக்கு ஞாபகம் வரவில்லை. சரி, வைக்கிறேன், குழந்தை அழுகிறது என்றாள் தங்கை. அக்காவுக்குச் சொல்வதற்கு ஒன்றிரண்டு விஷயங்கள் இருந்தன. இணைப்பு போன பிறகும் கைபேசியைக் காதில் வைத்தபடி மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது.

திரும்பிக் கதவை மெல்லத் திறந்தபோது லிஃப்ட்காரர் பேசிக்கொண்டிருந்தார். குரல் அவருடைய வழக்கமான குரலாக இல்லை.

"அதனாலதான் கேக்கறேன். என்ன சொல்றீங்க, சரிதானே?"

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு வாய் வரவில்லை. ஏதோ தேநீரைப் பற்றியோ சாலையைப் பற்றியோ இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"சரிதாண்ணே" என்றார்.

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

அடுத்த முறை அக்கா போனபோது கட்டில்மேல் ஒரு பெரிய பை இருந்தது. சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, மடக்கிய நிலையில் வெள்ளைத் தடி. மறுநாள் மகன் வருகிறான், இனிப் பயிற்சி வேண்டாம் என்றார் லிஃப்ட்காரர். ஏன் இப்படித் திடீரென்று என்று அக்கா கேட்டார்.

"இதென்ன கேள்வி? போறதுதான் சரின்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

வேறு வழி இருக்கிறதா என்று மனம் ஓடியது. யோசித்துப் பார்த்தேன், எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்குள் அவரே தொடர்ந்தார். "நான் யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் சொன்னேன். அவ்வளவையும் கேட்டுட்டு ஒருத்தர் போங்கன்னு சொன்னா, அதுக்கு மேல என்ன இருக்கு?"

"நான் கேக்கலண்ணே."

"என்னது?"

"அப்ப நான் ரூம்ல இல்ல. போன் வந்துச்சு, வெளிய போயிட்டேன். உங்ககிட்ட சொல்லல. திரும்பி வரும்போது கடைசி வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. என்னன்னு தெரியாமயே சரின்னுட்டேன்."

குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. லிஃப்ட்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்ப நான் யார்கிட்டம்மா பேசிட்டு இருந்தேன்? ஜன்னல்கிட்டயா, டீ டம்ளர்கிட்டயா?"

இப்போது சொல்லுங்கள், கேட்கிறேன் என்றார் அக்கா.

"அதெல்லாம் ரெண்டாவது வாட்டி வராது" என்றார் லிஃப்ட்காரர். எழுந்து கட்டிலருகே வந்து, பைமேல் இருந்த தடியைத் தடவி எடுத்தார். மடிப்புகள் டக்டக்கென்று நிமிர்ந்து நீண்டன. எங்கே என்று கேட்டதற்கு, ரொட்டி தீர்ந்துபோச்சு என்று மட்டும் சொன்னார். அக்கா கூடவே நகர்ந்தார்.

"பின்னாடி வராதீங்க. உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்."

அப்படி ஒருவரை விடக் கூடாது. முதல்முறை தனியாகப் போகிறவரைக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தொடர வேண்டும் என்பது அவர்களுடைய நடைமுறை. செருப்பு மாட்டாமலே பின்னால் போகலாமா என்று அக்கா யோசித்தார். பிறகு அந்த மனிதரைத் தான் ஏமாற்றியது போதும் என்று பட்டது. தடிச் சத்தம் படிப்படியாக இறங்கிப்போனது. தெருவின் இரைச்சலில் கலந்து காணாமல் போயிற்று.

ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரியும், சாலை தெரியாது. அக்கா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். குழாயிலிருந்து சொட்டும் நீர், பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது, தூரத்தில் ஒரு லாரி பிரேக் போடுவது. ஒவ்வொரு பிரேக்குக்கும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் பேசியிருக்கிறார். மனைவியைப் பற்றியா? பயத்தைப் பற்றியா? அறைக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது.

வெகுநேரம் கழித்துப் படியில் தடி தட்டியது. கதவருகே மூச்சிரைப்பு.

"இன்ஸ்பெக்டரம்மா, உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே."

"இனிமே இப்படிக் கேட்டு வெச்சுக்கிட்டுத்தான் பேசணும்போல." ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "கோவத்துல கால் தானா இறங்கிடுச்சு. பாதி ரோட்டுலதான் பயமே வந்துச்சு. அங்க நின்னு பயந்து என்ன பண்றது? அந்தப் பக்கம் போய் பயந்துக்கிட்டேன்."

அக்கா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. தன்னிடம் என்ன கேட்டாரோ அதற்கு இப்போது பதில் சொல்லலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம், ரொட்டியே சொல்லிவிட்டது என்றார்.

மறுநாள் மகன் வந்தான். அப்பா வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டான். பிறகு அவர் பின்னாலேயே கடைக்குப் போய்த் திரும்பிவந்து, நம்பாமல் இன்னொரு முறையும் போய்வந்தான். கட்டில்மேல் இருந்த பையைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அவனே வைத்தானாம், அதுவும் இடம் மாற்றி. திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாராம் அப்பா. இதையெல்லாம் மகனே அலுவலகத்துக்குப் பேசிச் சொன்னான். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தான், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தான்.

சொல்லாமல் வெளியே போனதைப் பற்றி அக்கா தானாகவே மேலாளரிடம் சொன்னார். ஆள் கடைக்குப் போகிறாரா, போகிறார் இல்லையா, அப்புறம் என்ன, முடித்துவிடுங்கள் என்று மேலாளர் அடுத்த வேலைக்குத் திரும்பினார்.

கடைசியாகப் போன நாளில் லிஃப்ட்காரர் வாசல்வரை வந்தார். பழைய கேலி திரும்பியிருந்தது, ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. நடுநடுவே பேச்சை நிறுத்தி, அக்கா ம் சொல்கிறாரா என்று காத்திருந்தார். ம் கேட்ட பிறகுதான் மேலே பேசினார். செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா நிமிர்ந்தபோது, சொல்லுங்க என்றார்.

"கிளம்பறேண்ணே."

"சத்தமா."

"கிளம்பறேண்ணே."

கதவு சாத்தப்பட்டது.

சில மாதங்களுக்குப் பிறகு வேறொருவர் வீட்டுக்குப் போய்த் திரும்புகையில், அதே சாலையில், கடைக்குப் பக்கத்தில் இருந்த நிறுத்தத்தில் அக்கா பேருந்துக்குக் காத்திருந்தார். எதிர்ப்பக்கம் லிஃப்ட்காரர் வந்து நின்றார். சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. பார்வை இல்லாத ஒருவரைப் பேசாமல் நின்று பார்ப்பது தப்பு, இன்னார் என்று குரல் கொடுக்க வேண்டும். ஆனால் சாலையைக் கடக்கக் காது கொடுத்து நிற்பவரைக் கூப்பிடவும் கூடாது. அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றார்.

வண்டிகள் நின்றன, மறுபடி உறுமின. அவர் இறங்கினார். தடி இடமும் வலமுமாக வீச, நேராக அக்காவை நோக்கி நடந்து வந்தார். நடைபாதையைத் தட்டிப் பார்த்து ஏறினார். கைநீட்டினால் தொடும் தூரம். இனிப் பேசலாம். அக்கா மூச்சை இழுத்தார்.

"வாங்க லிஃப்ட்காரரே, லேட்டு இன்னிக்கு" என்று கடைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். உன் கடிகாரத்தைக் கொண்டா, ரிப்பேர் பண்ணித் தரேன் என்று பதில் சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். உள்ளே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பேருந்து வந்தது. படியில் கால் வைக்கும்போது பழக்கத்தில் அக்காவின் வாய் அதுவாகச் சொன்னது.

"கிளம்பறேண்ணே."

"வண்டி கிளம்பத்தாம்மா போகுது" என்றார் நடத்துநர். "எங்க போகணும், அதைச் சொல்லுங்க."