பதினோரு வண்டிகள்

முதலியார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு சவரிநாதன் மாமாவின் மோட்டார் சைக்கிள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை முறுக்கி முடித்த பிறகுதான் அதன்மேல் சாக்பீஸால் சின்னச் சிலுவை போடுவார். சிலுவை இருந்தால் வண்டியை எடுக்கலாம்.

1974இல் மெட்ராசுக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்தில் அவருடைய தம்பி ராயப்பன் ஓட்டினான். அன்று மட்டும் மாமா வேண்டுதலாக, முறுக்கும் முன்பே எல்லா நட்டிலும் சிலுவை போட்டுவிட்டார். அதைப் பார்த்த ராயப்பன் வண்டியை எடுத்துப் போய்விட்டான். மூன்றாவது சுற்றில் முன்சக்கரம் கழன்றது. அங்கேயே இறந்தான்.

ஒன்பது வருடம் கழித்து அதே பந்தயத்துக்கு மாமா என்னை அழைத்துப் போனார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், கணக்குப் படித்தவன். அவர் ஓடுதளத்துக்கு முதுகு காட்டி நின்றார்.

“நீ எண்ணுடா. போனதெல்லாம் திரும்பி வருதான்னு மட்டும் சொல்லு.”

பதினொன்று புறப்பட்டன. கடைசிச் சுற்றில் பதினொன்றும் வந்தன.

“எல்லாம் வந்துடிச்சு மாமா. பதினொண்ணு.”

“பன்னண்டு போச்சு. சத்தம் கேட்டேன்.”

“நான் எண்ணினேன் மாமா.”

“பி.எஸ்சி. படிச்சு என்னாடா பிரயோசனம்? நல்லா பாரு.”

கூட்டம் கலைந்தது. தடுப்புக் கயிறுகளைச் சுருட்டினார்கள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று. என் எண்ணிக்கை சரி என்று எனக்குத் தெரியும். அப்படியும் ஏனோ, வண்டிகள் திரும்பி வரும் அந்த வெறும் வளைவைப் பார்த்தபடி நானும் காது கொடுத்து நின்றேன்.