மைக்கக்காவின் விண்ணப்பம்

பேருந்து நிலையத்தின் மூலையில் கண்ணாடி அடைத்த சின்ன அறை ஒன்று உண்டு. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அதற்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் சொல்வதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் மைக்கக்கா. மைக்கைப் பிடித்தால் கணீரென்று பேசுவாள். ஆளுக்கு நேரே நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைகள் வளர்ந்தபின் தபால் வழியில் பட்டம் வாங்கியவளுக்கு, பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் முதுகலை படிக்க ஆசை. அடுத்த வருடம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த வருட விண்ணப்பத்துக்கோ இன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

தங்கையின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தாள். ஏன் படிக்க விரும்புகிறாள் என்று அவள் கையால் எழுதிய கட்டுரையைத் தங்கை மளமளவென்று தட்டச்சு செய்து முடித்தபோது மணி மூன்றரை. அனுப்பினால் போகவில்லை. ஐந்நூறு சொற்களுக்கு மேல் கூடாது என்று சிவப்பு எழுத்து வந்தது.

"தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்கு. ராமாயணமா எழுதியிருக்க?"

தட்டச்சுக்கு வருவதைத் தங்கை படிப்பதில்லை. படித்தால் கை வேகம் குறையும் என்பாள். இப்போதுதான் படித்தாள். "எனக்கு இத்துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு. எனக்கு இத்துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு..." நிறுத்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா! எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை எழுதி வச்சிருக்க!"

மைக்கக்கா எட்டிப் பார்த்தாள். உண்மைதான். எதையும் இரண்டு முறை அறிவிக்கும் பதினோரு வருடப் பழக்கம், கேட்காமலே தாளிலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

"முதல் தடவை சொல்றது யாரு காதுல விழும்? தலையைத் தூக்கறதுக்கே ஒரு தடவை வேணும்டி."

"பேராசிரியருங்க என்ன, மூட்டையைத் தூக்கிட்டு வண்டிக்கா ஓடுறாங்க?"

நகலெடுக்க வந்து நின்றவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டாம் முறை வந்ததையெல்லாம் நீக்கினார்கள். நாற்பது சொற்களுக்கு இடம் மிஞ்சியது.

"சும்மா விடாதக்கா. எதையாவது போடு."

மைக்கக்கா யோசித்து மெல்லச் சொன்னாள். நான் அறிவித்ததும் சனங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார்கள். அவர் பேச்சை நம்பித்தான் வண்டி ஏறுகிறார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து தினமும் பார்க்கிறேன். அது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கையின் விரல்கள் நின்றன. "இதை முதல்ல எழுதறதுக்கு என்னவாம்?"

நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போனது.

நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூன்று முகங்களையும் பார்த்ததும் மைக்கக்கா பயந்துபோய் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தாள். நடுவிலிருந்த அம்மா கட்டுரையின் அந்தக் கடைசி வரிகளைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

"பக்கத்துல இருக்கவங்க தப்பா சொல்லிட்டா?"

"அடிக்கடி தப்பாத்தான் சொல்வாங்க மேடம்! ஆனாலும் நம்புவாங்க. அவங்க முகம் தெரியுதில்ல? எனக்கு வெறும் குரல்தானே."

மூவரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஓரத்தில் இருந்தவர், தானே அப்படி யாரோ சொன்னதைக் கேட்டு வேறு ஊருக்குப் போய் இறங்கியதை அசடு வழியச் சொன்னார். பத்து நிமிட நேர்காணல் முக்கால் மணி நேரம் நடந்தது. பயந்தது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்தாம் நாள் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வகுப்பு காலையில். அவள் வேலையும் காலையில். வண்டி நேரமும் ஆட்களின் டூட்டியும் பார்க்கும் டைம்கீப்பர் கடுகடுத்த மனிதர். அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார்... எனக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. மதிய டூட்டி..."

"இதைச் சொல்லவா காலையிலேருந்து மூணு தரம் வாசல் வரைக்கும் வந்துட்டு ஓடின? போய்ப் படிம்மா. காலையில நான் பேசிக்கிறேன். என்ன பெரிய வித்தை!"

சொன்ன கையோடு அறைக்குள் போய் மைக்கைப் போட்டுத் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் நிலையம் முழுக்க இடியாக இறங்கியது. இருக்கையில் கண்ணயர்ந்திருந்த நடத்துநர் ஒருவர் துள்ளி எழுந்து, ஓட்டுநரே இல்லாத வண்டிக்கு விசில் ஊதினார். மைக்கக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.